செல்லக்கண்ணு சொல்லாமல் விட்டது

அஷ்வினி வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதே இல்லை. கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் அந்த விரலையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பாள்; பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அதனால் அவள் உள்ளங்கையால் இடது கன்னத்தை அறைந்துகொள்ளத் தொடங்கியபோது, கொசு கடித்திருக்கும் என்றுதான் செல்லக்கண்ணு நினைத்தாள். அடுத்து, களி உருண்டையை வாயின் வலது பக்கமே ஒதுக்கி விழுங்க ஆரம்பித்தாள் அஷ்வினி. பிறகு களியையே வேண்டாம் என்றாள். தலைவாரிவிட அவளை மடியருகே இழுத்தால் அழுகல் நாற்றம் ஒன்று அடித்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் தாடைக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது.

செல்லக்கண்ணுவுக்குச் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரத்துக் கௌதள்ளி. கல்யாணமான கையோடு மைசூருக்கு வந்தவள். மேட்டகள்ளியில் வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு. கணவன் கெம்பையன் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன். அவளுக்கு ஹெப்பாள் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை. சட்டைக்குக் காலர் வைத்துத் தைப்பாள். அஷ்வினி அவர்களுக்கு ஒரே பிள்ளை, இருபத்துமூன்று வயது. பிறந்த மறுநாளே டாக்டர் குழந்தையின் கண்ணையும் உள்ளங்கை ரேகையையும் பார்த்துவிட்டு, டவுன் சிண்ட்ரோம் என்றார், இதயத்தில் ஓட்டை இருக்கிறது, புத்தி வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும் என்றார். ஓட்டை தானாகவே மூடிக்கொண்டது. மற்றது அப்படியே நின்றது. அஷ்வினிக்கு வீட்டுத் தமிழ் எல்லாம் புரியும். பேசுவது கொஞ்சம்தான், அதிலும் தெருவில் பிடித்துக்கொண்ட கன்னடம் பாதி. வேண்டாம் என்பதற்கு அவள் சொல் ‘பேடா’.

இந்த ஊரில் பிள்ளையை வளர்த்ததில் செல்லக்கண்ணு தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. உண்மையைச் சொன்னால் கதவைச் சாத்திவிடுவார்கள். சின்ன வயதில் ஒருமுறை ஜன்னி கண்டு வெட்டி இழுத்ததைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் இடமில்லை என்றார்கள். பாவாடையிலேயே சில நேரம் போய்விடுவாள் என்பதைச் சொன்னாள். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நடத்துகிற மையத்திலும் ‘இன்னும் ஒரு வருஷம் போகட்டும்’ என்றார்கள். அடுத்த மையத்தில் அவள் எதையும் சொல்லவில்லை. சேர்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் கேட்டதற்கு மட்டும் பதில் என்று வைத்துக்கொண்டாள். அதிலும், பேப்பரில் ஏற்கெனவே எழுதியிருப்பதை மட்டும் ஒப்புக்கொள்வாள்.

எந்தப் பேப்பரிலும் ஏறாத ஒன்று இருந்தது. அஷ்வினியின் குறட்டை. ஒற்றை அறை வீட்டில் அது சுவரை அதிரவைக்கும். நன்றாக இழுத்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுபோகும். மார்பு மட்டும் ஏறி இறங்கும், காற்று போகாது. பிறகு கிணற்றிலிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி ஒரு பெரிய மூச்சு வரும். செல்லக்கண்ணு தூக்கத்திலேயே கையை நீட்டி மகளை ஒருக்களித்துப் புரட்டிவிடுவாள். காலையில் கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது. கைக்கு அது பழகிவிட்டிருந்தது.

வீக்கத்தைப் பார்த்ததும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பக்கத்துப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். நல்ல மனிதர். ஆனால் அஷ்வினி வாயைத் திறக்கவில்லை. கெஞ்சித் திறக்கவைத்தால் அவர் விரலைக் கடித்துவிட்டாள். இதய ஓட்டை பற்றிய பழைய பேப்பரைப் புரட்டியவர் கையுறையைக் கழற்றினார்.

“இவளுக்கு மயக்கம் குடுத்துத்தான் செய்யணும். என்கிட்ட அந்த வசதி இல்ல. மாத்திரை எழுதறேன், வீக்கம் வத்தும். வத்திருச்சுன்னு விட்டுடாதீங்க, அடியில சீழ் அப்படியேதான் இருக்கும்” என்றார். குவெம்பு நகரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பல் வைத்தியம் பார்க்கிற டாக்டர் வினிதாவின் பெயரைச் சொல்லி அனுப்பினார்.

டாக்டர் வினிதா மைசூர்க்காரர்தான், ஆனால் தாய்வீடு சத்தியமங்கலம். செல்லக்கண்ணு வாயைத் திறந்ததுமே தமிழுக்கு மாறிவிட்டார். அஷ்வினியின் அருகே தரையில் உட்கார்ந்து, அவள் கை வளையலைப் பற்றி ஏதோ கேட்டுச் சிரிக்கவைத்து, அந்தச் சிரிப்பிலேயே வாய்க்குள் பார்த்துவிட்டார். எழுந்தபோது முகம் மாறியிருந்தது.

“இடது பக்கம் கீழ்க் கடவாய்ப் பல்லு ரெண்டும் வேர் வரைக்கும் போயிருச்சும்மா. எடுத்தே ஆகணும். முழிச்சிருக்கறப்ப இவ விடமாட்டா. கட்டிப்போட்டுப் பிடுங்கறது எனக்குப் பிடிக்காது.”

“மயக்கம்னா உசுருக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?” என்றான் கெம்பையன்.

“மயக்கம்னா எல்லாம் ஒண்ணில்லண்ணா. மாடிப்படி மாதிரி வெச்சுக்குங்க. முதல் படி, மூக்குல வைக்கற காத்து. ஒரு மாதிரி மெதப்பா இருக்கும், பேச்சுக் குடுத்தாப் பேசுவாங்க, எடுத்துட்டாத் தெளிஞ்சிருவாங்க. அடுத்தது, குடிக்கற மருந்து. கண்ணு சொக்கும், ஆனா கூப்பிட்டா முழிக்கணும். அதுக்கும் கீழ, நரம்புல ஏத்தறது. கடைசிப் படி, ஆஸ்பத்திரில தொண்டைக்குள்ள குழாய் விட்டு முழுசாத் தூங்க வைக்கறது. நான் முதல் ரெண்டு படிதான் இங்க செய்வேன். நான் நிறுத்தின படிலயே இவ நிக்கணும். தானா இன்னும் கீழ எறங்கிரக் கூடாது. அதான் பயம்.”

பிறகு கேள்விகள் வந்தன. இதயம் பற்றிக் கேட்டார், பேப்பரைக் காட்டினார்கள். முதல் டாக்டர் எழுதியது தவிர வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்றார். இல்லை என்றாள் செல்லக்கண்ணு.

“தூங்கறப்போ மூச்சுல ஏதாவது கஷ்டம் இருந்தா நான் இங்க தொடமாட்டேன், பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்புவேன். குறட்டை விடுவாளா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?”

செல்லக்கண்ணுவுக்குப் பெரிய ஆஸ்பத்திரியைத் தெரியும். ஒவ்வொரு வாசலாக உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டாக வாங்கி, அடுத்த மாதம் வா என்று கேட்டுத் திரும்பிய இடங்கள். மகள் கன்னத்தை அறைந்துகொள்ளும் சத்தம் காதிலேயே இருந்தது.

“இல்லீங்க” என்றாள்.

கெம்பையன் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அன்றைக்கே காற்றை முயன்று பார்த்தார்கள். மூக்கின் வடிவத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு சின்ன மூடி. அஷ்வினி எப்போதும் வாயால் மூச்சுவிடுகிறவள்; மூக்கை மூடியதும் மிரண்டு பிய்த்து எறிந்துவிட்டாள். “பேடா, பேடா” என்று கதவுவரை ஓடினாள். அப்படியானால் குடிக்கிற மருந்துதான் என்று டாக்டர் வேறொரு நாள் குறித்துக் கொடுத்தார். காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டும்.

மாத்திரையில் வீக்கம் வற்றியது. அஷ்வினி சாப்பிடத் தொடங்கினாள். வேண்டாம், போகாமலே இருந்துவிடலாமா என்று செல்லக்கண்ணுவுக்குத் தோன்றியது. தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கையில், அடியில் சீழ் அப்படியேதான் இருக்கும் என்று முதல் டாக்டர் சொன்னது திரும்பத் திரும்ப வந்தது. டாக்டர் வினிதாவிடம் சொன்ன ‘இல்லீங்க’வும் வந்தது; அதை மேலே நினைக்காமல் தள்ளிவிட்டாள்.

குறித்த நாளில் போனார்கள். நர்ஸ் சின்னக் கோப்பையில் மருந்தை ஊற்றி, கசப்புத் தெரியாமலிருக்கத் துளி திராட்சைச் சாறு கலந்தார். நர்ஸ் கையிலிருந்து அஷ்வினி வாங்கவில்லை. உதட்டை மடித்துக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

“நீங்க குடுங்கம்மா” என்றார் டாக்டர்.

செல்லக்கண்ணு கோப்பையை வாங்கினாள். “ஜூஸ் சாமி. ஜூஸுதான், குடிச்சுக்க.”

அம்மா சொன்னதும் அஷ்வினி ஒரே மடக்கில் குடித்தாள். கசப்பு தொண்டையில் இறங்கியதும் முகம் சுருங்கியது. துப்பவில்லை. அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் யாரையும் பார்த்ததில்லை. பிறகு அந்தப் பார்வை கொஞ்சங்கொஞ்சமாகத் தளர்ந்தது, ஒன்றுமில்லாததற்குச் சிரித்தாள், தலை அம்மாவின் தோளில் சரிந்தது. அவளைத் தூக்கி நாற்காலியில் கிடத்தினார்கள். விரலில் ஒரு கவ்வியை மாட்டியதும் சுவரோரத்து இயந்திரம் சீராகக் கூவத் தொடங்கியது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தால் அதன் குரல் இறங்கும் என்றார் நர்ஸ். கையில் நரம்பு பார்த்து ஊசிக்குழாயும் போட்டு வைத்தார்கள்.

“இனி வெளிய இருங்கம்மா.”

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். மங்கல் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் உருவங்கள் அசைந்தன. இயந்திரத்தின் கூவல் தெளிவாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதோடு வேறொரு சத்தமும் சேர்ந்தது. அஷ்வினியின் குறட்டை. கெம்பையன் மனைவியைப் பார்த்தான். அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

குறட்டை நின்றது.

செல்லக்கண்ணுவின் கை தானாக நீண்டது, பக்கத்தில் மகள் படுத்திருப்பதுபோல. அங்கே வெறும் நாற்காலி. இயந்திரம் கூவிக்கொண்டேதான் இருந்தது, ஆனால் குரல் ஒவ்வொரு கூவலுக்கும் இறங்கியது. படிப்படியாக இறங்கி அடித்தொண்டைக்குப் போனது. உள்ளே யாரோ நாற்காலியை வேகமாகத் தள்ளினார்கள். அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

டாக்டர் தலைமாட்டில் நின்று இரண்டு கையாலும் அஷ்வினியின் தாடையை முன்னுக்குத் தூக்கிப் பிடித்திருந்தார். நர்ஸ் முகமூடியை வைத்து அழுத்தி, காற்றுப் பையைப் பிசையத் தொடங்கியிருந்தார். அஷ்வினியின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

“வீட்லயும் இப்படித்தானுங்க” என்றாள் செல்லக்கண்ணு. அவள் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல இருந்தது. “தூங்கறப்ப மூச்சு நின்னு போயிருங்க. நாந்தான் புரட்டிப் படுக்க வெப்பனுங்க.”

டாக்டர் திரும்பவில்லை. “தினமுமா?”

“தினமுமுங்க. சின்னப் புள்ளையில இருந்தே.”

டாக்டர் நர்ஸிடம் ஒரு மருந்தின் பெயரைச் சொன்னார். மயக்கத்தை முறிக்கிற மருந்து. கையில் இருந்த குழாய் வழியே அது போனது. பையைப் பிசையப் பிசைய மார்பு எழுந்து தணிந்தது, எழுந்து தணிந்தது, ஆனால் அது அஷ்வினி விடுகிற மூச்சு இல்லை. கெம்பையன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு, வீட்டில் வருமே, அதே கிணற்று மூச்சு ஒன்று இழுத்துக்கொண்டு வந்தது. இயந்திரத்தின் குரல் மெல்ல மேலே ஏறியது. அஷ்வினி கண்ணைத் திறக்காமலே கையை உயர்த்தி முகமூடியைத் தள்ளினாள்.

பல் எடுக்கவே இல்லை. அஷ்வினி நன்றாகத் தெளிந்து எழுந்து உட்காரும்வரை டாக்டர் அவளை விட்டு நகரவில்லை. பிறகு வெளியே வந்து செல்லக்கண்ணுவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏம்மா சொல்லல?”

“சொன்னா எங்கயும் சேத்துக்க மாட்டேங்கறாங்கம்மா.”

டாக்டர் அஷ்வினி இருந்த அறைப் பக்கம் திரும்பினார். “இவ நாக்கு, கழுத்து, வாயாலயே மூச்சு விடறது... இதப் பாத்தே நான் சந்தேகப்பட்டிருக்கணும். இப்படிப்பட்ட பிள்ளைங்கள்ல நிறையப் பேருக்கு அது இருக்கும்னு எனக்குத் தெரியும். நீங்க இல்லன்னதும் எனக்கு வசதியாப் போச்சு. நான் உங்க வாய்ச்சொல்ல நம்பினது தப்பு.”

ஆட்டோவில் திரும்பும்போது கெம்பையன் வாய் திறந்தான். “எனக்குந்தான தெரியும் புள்ள. நானுந்தான் செருப்பப் பாத்துட்டு உக்காந்திருந்தேன்.”

செல்லக்கண்ணு தன் மடியில் சாய்ந்திருந்த மகளின் மூக்கருகே புறங்கையை வைத்திருந்தாள், வீடு வரும்வரை.

டாக்டர் வினிதா பெரிய ஆஸ்பத்திரியில் தாமே பேசி இடம் பிடித்தார். அதற்குள் வீக்கம் திரும்பிவிட்டது. இந்த முறை அது கன்னத்தோடு நிற்காமல் முகவாய்க்கு அடியில் பரவியது. காய்ச்சல் வந்தது. அஷ்வினி எச்சிலை விழுங்க முடியாமல் கடைவாயில் ஒழுகவிட்டாள். அன்று மத்தியானமே சேர்த்தார்கள்.

மயக்க மருந்து டாக்டரின் பெயர் தீபக். இளம் வயது, கன்னடக்காரர், தமிழைக் கேட்டுப் புரிந்துகொள்வார். அஷ்வினியின் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வீக்கம் தொண்டைப் பக்கம் இறங்கினால் குழாய் வைப்பதே கஷ்டமாகிவிடும், நேரம் அதிகமில்லை என்றார். பிறகு செல்லக்கண்ணுவிடம், “நீங்க சொல்லுங்க அம்மா, எல்லாமே சொல்லுங்க” என்றார்.

அவள் குறட்டையில் ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. மூச்சு நிற்பது, புரட்டிப்போடுவது, சின்ன வயது ஜன்னி, பாவாடையில் போவது, சில நாள் காலையில் உதடு நீலமாக இருப்பது, படிக்கட்டு ஏறினால் உட்கார்ந்துவிடுவது, தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்ததை இரண்டு மாதத்தில் நிறுத்தியது, தலையைப் பின்னால் சாய்த்தால் கை மரத்துப்போகிறது என்று உதறிக் காட்டுவது. பக்கத்தில் நின்ற கெம்பையன் அதில் சிலவற்றை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான். சொல்லிக்கொண்டே அவள் டாக்டர் முகத்தைப் பார்த்தாள். இப்போது சாத்துவார், இப்போது சாத்துவார் என்று காத்திருந்தாள்.

டாக்டர் தீபக் கையுதறுகிற விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் கேட்டார். உடனே கழுத்தை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், இதயத்தை ஸ்கேன் பார்க்கச் சொன்னார். எல்லாம் பார்த்துவிட்டு வந்து கன்னடமும் தமிழுமாகச் சொன்னார்.

“கேட்ட மேல எனக்கு பயம் ஜாஸ்தி ஆச்சு அம்மா. கழுத்து எலும்பு லூஸ் இருக்கு, தலைய சாய்க்கவே கூடாது. மூச்சுக் குழாய் முழிச்சிருக்கும்போதே வைக்கணும்னு பாத்தா, இவ விடமாட்டா. கஷ்டந்தான். ஆனா இப்ப எதுக்கு பயப்படணும்னு எனக்குத் தெரியும். தெரியாம இருந்திருந்தா...” ஒப்புதல் தாளை நீட்டினார். “இவ முழிச்சு வராமலும் போகலாம். அதையும் சொல்லணும் உங்களுக்கு.”

கெம்பையன் கையெழுத்துப் போட்டான். செல்லக்கண்ணு மகளோடு ஆபரேஷன் அறை வாசல்வரை போனாள். உள்ளே போகும்முன் நர்ஸ் தண்ணீரில் நனைத்த பஞ்சால் அஷ்வினியின் உதட்டை ஈரப்படுத்தச் சொன்னார். செல்லக்கண்ணு பஞ்சை நீட்டினாள். அஷ்வினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நர்ஸ் அதே பஞ்சை வாங்கி நீட்டியதும் வாயைத் திறந்தாள். பிறகு கதவு மூடியது.

அந்த மத்தியானம் செல்லக்கண்ணு கடவுள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்னத்தைச் சொல்வது என்று தெரியவில்லை. வராந்தாவில் யாரோ ஒரு பெண் தயிர்சாதப் பொட்டலத்தை நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மரத்தடியில் கெம்பையன் நிற்பது தெரிந்தது. போவதும் வருவதுமாக இருந்த ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்காரரின் முகத்தையும்தான் அவள் முதலில் பார்த்தாள். ஒருமுறை உள்ளேயிருந்து ஒருவர் ஓடிவந்து எதையோ எடுத்துக்கொண்டு திரும்ப ஓடினார். அதன்பிறகு வெகுநேரம் அந்தக் கதவு திறக்கவில்லை.

வெயில் சாய்ந்த பிறகு டாக்டர் தீபக் வந்தார். தொப்பியைக் கழற்றியபோது தலைமுடி நனைந்திருந்தது. குழாய் வைக்க எதிர்பார்த்ததைவிடப் பாடுபட வேண்டியிருந்தது என்றார். நடுவில் ஒருமுறை இதயத் துடிப்பு மிகவும் குறைந்துவிட்டது, பிறகு பிடித்துக்கொண்டோம் என்றார். சீழை வடித்து, கெட்டுப்போன பற்களையெல்லாம் எடுத்தாயிற்று. தொண்டை வீக்கம் வடியும்வரை குழாயை எடுக்க முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருக்கிறோம்.

“உசுரோட இருக்காளுங்களா?” என்று செல்லக்கண்ணு கேட்டாள். அவர் சொன்னதில் அது எங்கேயும் வரவில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“இருக்கா அம்மா.”

குழாயை எடுத்த அன்று அஷ்வினியின் குரல் கம்மிப்போயிருந்தது. அப்பாவைக் கூப்பிட்டாள். அம்மாவின் புடவையைத் தொட்டுப் பார்த்தாள். செல்லக்கண்ணு டம்ளரில் கொஞ்சம் இளநீர் ஊற்றிக் கொடுத்தாள். அஷ்வினி டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். அதைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டு, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. சாப்பாடு அப்பா கையால் கொடுத்தால் சாப்பிடுவாள். அம்மா கொடுத்தால் மோந்து பார்ப்பாள். காபியானாலும் மோரானாலும், கண்ணெதிரே ஊற்றாததைத் தொடமாட்டாள். செல்லக்கண்ணு முதலில் தானே ஒரு வாய் குடித்துக் காட்டப் பழகினாள். சில நாள் அது போதும். சில நாள் போதாது. கெம்பையன் வேலைக்கு வெளியூர் போவதை விட்டுவிட்டான். தூங்கும்போது முகத்தில் மாட்டிக்கொள்ள மூச்சுக்கு ஒரு கருவி வந்திருந்தது. அஷ்வினி அதைப் பாதி நேரம் பிடுங்கிப் போட்டுவிடுகிறாள். பிடுங்கிய பிறகு என்ன ஆகும் என்று டாக்டர் தீபக் சொல்லியிருந்தார். ஒருநாள் நீங்கள் புரட்டிப்போட்டும் அந்த மூச்சு திரும்ப வராமல் போகலாம் என்று, சுற்றி வளைக்காமலே சொல்லியிருந்தார்.

மார்கழியில் டாக்டர் வினிதாவிடம் காட்டப் போனார்கள். தையல் போட்ட இடம் நன்றாக ஆறியிருந்தது. டாக்டர் விளக்கைத் திருப்பி வலது பக்கம் பார்த்தார். விரலால் ஒரு பல்லை அசைத்தார், அடுத்ததை அசைத்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு செல்லக்கண்ணுவைப் பார்த்தார்.

“இந்தப் பக்கமும் ஈறு விட்டுப் பல்லு ஆடுதும்மா. தினம் ரெண்டு வேளை தேய்ச்சு விட்டா கொஞ்சம் தள்ளிப்போடலாம். ஆனா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். அதே மயக்கந்தான்.”

“தீபக் டாக்டர் இருப்பாருங்களா?”

“தெரியலம்மா. யார் இருந்தாலும் நீங்க எல்லாத்தையும் சொல்லிடணும்.”

“சொல்றனுங்க.”

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். கெம்பையன் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். அஷ்வினி வளையல்களைக் கையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தாள். சும்மா பார்த்துவிட்டு விட்டார்கள் சாமி, அவ்வளவுதான், இனிமேல் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால் அஷ்வினி நம்பலாம், நம்பாமலும் போகலாம்.

“அம்மிணி, இங்க பாரு” என்றாள் செல்லக்கண்ணு. “இந்தப் பக்கப் பல்லும் கெட்டுப் போச்சாம். மறுக்காவும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஊசி போடுவாங்க. தூங்க வெப்பாங்க. வலிக்கும்.”

அஷ்வினி வளையலை விட்டாள்.

“பேடா” என்றாள்.

“வேண்டாந்தான் சாமி. எனக்கும் வேண்டாந்தான். ஆனா போகணும்.”

அஷ்வினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கசப்பு இறங்கிய அன்று பார்த்ததுபோல நெடுநேரம். செல்லக்கண்ணு கண்ணைத் தாழ்த்தாமல் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. கெம்பையன் உள்ளேயிருந்து கையசைத்தான். அஷ்வினி எழுந்து, அம்மா நீட்டிய கையைப் பிடிக்காமல், அவளுக்கு முன்னால் மெதுவாகப் படியிறங்கினாள்.